ஹைட்ரஜன் கார்: தண்ணீர்க் கணக்கும் மின்சாரக் கணக்கும்

1996-ல் ராஜபாளையம் அருகே உள்ள இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்து எரிபொருள் எடுத்துக் காட்டியபோது தமிழ்நாடு முழுக்க அதே பேச்சாக இருந்தது. செய்தி டெல்லி வரை போனது. பிற்பாடு அந்த எரிபொருள் விற்பனைக்கும் வந்தது. சிபிஐ வழக்குத் தொடர்ந்தது. விற்கப்பட்டது பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்பது குற்றச்சாட்டு. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. முதல் பரபரப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே 20 ஆண்டுகள்.

தண்ணீரை எரிபொருளாக்கும் ஆசை உலகத்துக்கே பொதுவானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயர் என்பவர், தண்ணீரில் ஓடும் கார் என்று ஒன்றைக் காட்டி முதலீடு திரட்டினார். முதலீட்டாளர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். நிபுணர்கள் கருவியைச் சோதித்து, பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்யும் மின்னாற்பகுப்புக்கு மேல் அதில் எதுவும் இல்லை என்றார்கள். 1996-ல் நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்துப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 1998-ல் மேயர் உணவகம் ஒன்றில் திடீரென இறந்துபோக, எண்ணெய் நிறுவனங்கள் தீர்த்துக்கட்டிவிட்டன என்ற கதை கிளம்பியது. மூளை ரத்தக்குழாய் வெடித்ததே காரணம் என்பது பிரேதப் பரிசோதனை முடிவு. கதை மட்டும் இன்னும் ஓயவில்லை. 2008-ல் ஜப்பானின் ஒசாகாவில் ஜெனிபாக்ஸ் என்ற நிறுவனம் தண்ணீர் ஊற்றி ஓட்டும் காரைச் செய்தியாளர்களுக்குக் காட்டியது; அடுத்த ஆண்டே கடையை மூடியது. 2012-ல் பாகிஸ்தானில் ஒருவர் தண்ணீர் கிட் மாட்டிய காரைத் தொலைக்காட்சியில் ஓட்டிக் காட்ட, அமைச்சர்களே பின்னால் நின்றார்கள். இயற்பியலாளர் பர்வேஸ் ஹூத்பாய் போன்ற சிலர்தான் வெளிப்படையாக மறுத்துப் பேசினார்கள்.

படித்தவர்களும் ஏன் நம்புகிறார்கள்? இந்தக் கதைகளில் பாதி உண்மை. தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. மின்சாரம் பாய்ச்சினால் குமிழ் குமிழாகப் பிரிந்து வருகிறது. தீக்குச்சியைக் காட்டினால் டப் என்று எரிகிறது. அந்த வாயுவில் கார் ஓடுவதும் உண்மை. இத்தனையும் உண்மையாக இருக்கும்போது, கடைசியில் வரும் பொய் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்த ஒருவரை 'இது முடியாது' என்று ஒரே வரியில் சொல்லித் திருப்ப முடியாது. உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

கணக்கு 1800-லேயே தொடங்கிவிட்டது. இத்தாலியின் வோல்ட்டா தன் மின்கல அடுக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய சில வாரங்களில், வில்லியம் நிக்கல்சனும் ஆண்டனி கார்லைலும் அதேபோல ஓர் அடுக்கைச் செய்து, தண்ணீரில் கம்பிகளை விட்டுப் பார்த்தார்கள். ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஆக்சிஜனும் வந்தன. 1840-களுக்குள் வில்லியம் குரோவ் இதையே தலைகீழாகச் செய்தார். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேரவிட்டு மின்சாரம் எடுத்தார். இன்றைய ஹைட்ரஜன் காருக்கு வேண்டிய இரண்டு அடிப்படைகளும் கார் என்ற ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கையில் இருந்தன.

18 கிராம் தண்ணீரைப் பிரித்தால் 2 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் கிடைக்கும். பிரிப்பதற்குக் குறைந்தது 286 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். அந்த 2 கிராமை எரித்து மறுபடி தண்ணீராக்கினால் திரும்பக் கிடைப்பதும் அதே 286 கிலோஜூல்தான். ஒரு ஜூல் கூடாது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்பில் விறகு எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் போன்றது. சாம்பலை மறுபடி விறகாக்கலாம், ஆனால் அதற்கு வெளியிலிருந்து ஆற்றல் தர வேண்டும். தாவரம் சூரிய ஒளியைக் கொண்டு அதைச் செய்கிறது, மின்னாற்பகுப்புக் கருவி மின்சாரத்தைக் கொண்டு செய்கிறது. காருக்குள்ளேயே தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனாலேயே காரையும் ஓட்டி, மறுபடி தண்ணீரைப் பிரிக்கவும் முடியும் என்று சொல்பவர் எந்த வினையூக்கியின் பெயரைச் சொன்னாலும், எந்த அதிர்வெண்ணைச் சொன்னாலும், வரவை விடச் செலவு கூடிய கணக்கைத்தான் நீட்டுகிறார். வினையூக்கி வேகத்தைக் கூட்டும், ஆற்றலைக் கூட்டாது.

'தண்ணீர் மட்டுமே போதும் என்று சொல்லவில்லை, பெட்ரோலோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் சேர்ந்தால் மைலேஜ் ஏறும்' என்பது அடுத்த வாதம். ஹெச்ஹெச்ஓ கிட் என்று விற்பது இதுதான். பானெட்டுக்குள் ஒரு ஸ்டீல் டப்பா. உள்ளே ஸ்டீல் தகடுகள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணீர். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் செருகிய ஒரு டியூப். சாவியைத் திருப்பினால் குமிழ் வரும்.

20 கிலோமீட்டர் மைலேஜ் தரும் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லிட்டர் பெட்ரோல் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆக 27 யூனிட். கிட் 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுத்தால் மணிக்கு 0.36 யூனிட் எடுக்கும். பெரிய ஆலைகளில் உள்ள தரமான கருவிக்கே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் ஆகிறது. அந்தத் திறனை இந்த டப்பாவுக்கும் தாராளமாகக் கொடுத்தால்கூட வருவது ஆறரை கிராம் ஹைட்ரஜன்; 24 மில்லி பெட்ரோலுக்கு ஈடு. அந்த 0.36 யூனிட் எங்கிருந்து வந்தது? எஞ்சின் சுற்றி, எஞ்சினோடு சேர்ந்து ஆல்டர்னேட்டர் சுற்றி வந்தது. எஞ்சின் திறன் 25 சதவீதம், ஆல்டர்னேட்டர் திறன் 60 சதவீதம் என்று கொண்டால், அதற்காக எரிந்த பெட்ரோல் சுமார் 270 மில்லி. 270 மில்லியைக் கொடுத்து 24 மில்லியை வாங்குகிறோம். கிட் மாட்டியபின் மைலேஜ் ஏறியது என்று மனதாரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டும்போது ஏர் ஃபில்டரை மாற்றி, ட்யூனிங் செய்து, மைலேஜைக் கவனித்துக்கொண்டே நிதானமாக ஓட்டினால் எந்த வண்டியிலும் மைலேஜ் ஏறும். உழைத்துச் சேர்த்த பணத்தை இந்த டப்பாவில் போடும் ஆட்டோ ஓட்டுநர்களையும் டாக்ஸி ஓட்டுநர்களையும் நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கார் சுமந்து செல்லும் எரிபொருள் தண்ணீராக இருக்க முடியாது என்பது இதோடு முடிந்தது. எங்கோ ஓர் ஆலையில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனைப் பங்கில் நிரப்பி ஓட்டுவது வேறு விஷயம். அது ஓடும். 2022 மார்ச் 30 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, டொயோட்டாவின் மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். 2014-ன் கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த கார் அது. இரண்டாம் தலைமுறை மிராய் 5.6 கிலோ ஹைட்ரஜனைச் சுமக்கும். அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் ஒரு நிரப்பலுக்குச் சுமார் 647 கிலோமீட்டர் ஓடும். கிலோவுக்கு 115 கிலோமீட்டர். புகைபோக்கி வழியே வருவது தண்ணீர் மட்டும். ஓடுமா என்ற கேள்விக்கு இதுவே விடை. ஓட்டுவது தகுமா என்பதுதான் மிச்சம்.

மிராய்க்குள் எரிவது எதுவும் இல்லை. தலைமுடியை விட மெல்லிய ஒரு சவ்வு. அதன் இரு பக்கமும் பிளாட்டினத் துகள் பூசிய மின்முனைகள். ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது. பிளாட்டினத்தின் மேல் அது புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டும் விடும். எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் மோட்டாரைச் சுழற்றிவிட்டுப் போகிறது. மறுபக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகின்றன. இதற்குப் பெயர் எரிபொருள் கலம். மிராயில் இப்படி 330 கலங்களை அடுக்கியிருக்கிறார்கள். ஆக, ஹைட்ரஜன் கார் என்பதும் மின்சாரக் கார்தான். பேட்டரியில் மின்சாரத்தை வைத்திருப்பதற்குப் பதிலாக, ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு போகிற போக்கில் மின்சாரம் செய்துகொள்கிறது.

இழப்பு எங்கே என்பதை இந்தச் சவ்வின் அருகிலேயே நின்று பார்க்கலாம். தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். ஆனால் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் வினை மிக மந்தமானது. உந்தித் தள்ளினால்தான் நடக்கும். அதனால் ஆலையில் 1.9 வோல்ட் அளவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. காரில் அதே ஆக்சிஜன் வினை எதிர்த்திசையில் நடக்கும்போதும் அதே மந்தம். 1.23 வோல்ட் தர வேண்டிய கலம், சுமை ஏறும்போது 0.65 வோல்ட் அளவுக்குத்தான் தருகிறது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றே. ஒவ்வோர் எலக்ட்ரானையும் 1.9 வோல்ட் கொடுத்து ஏற்றி, 0.65 வோல்ட்டுக்கு இறக்குகிறோம். போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. இரண்டு நூற்றாண்டாக மின்வேதியியலாளர்கள் மல்லுக்கட்டும் இடம் இது. நல்ல வினையூக்கிகள் வந்து இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன, இன்னும் குறைக்கும். இல்லாமல் செய்துவிடாது.

இதற்கு மேல் வாயுவை அழுத்தவும் குளிர்விக்கவும் கிலோவுக்கு நான்கைந்து யூனிட் ஆகும். மோட்டாரிலும் மின்னணுக் கருவிகளிலும் ஒரு சிறு பங்கு போகும். கடைசியில் 100 யூனிட் மின்சாரத்தில் 25 முதல் 30 யூனிட்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதே 100 யூனிட்டைப் பேட்டரி காரில் ஏற்றினால் 70 முதல் 80 யூனிட் சக்கரத்துக்குப் போகும்.

வீட்டளவில் இதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருவர் மதுரையில் தினம் 40 கிலோமீட்டர் கார் ஓட்டுகிறார். மிராய்க்கு வேண்டியது 350 கிராம் ஹைட்ரஜன். அதைச் செய்து, அழுத்தி நிரப்ப 20 யூனிட் மின்சாரம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக, அவருக்கு 5 கிலோவாட் தகடு வேண்டும். அதே 40 கிலோமீட்டருக்குப் பேட்டரி கார் எடுப்பது 6 முதல் 7 யூனிட். 2 கிலோவாட் தகடு தாராளம். மிச்சமுள்ள 3 கிலோவாட்டில் அவர் வீடே நடக்கும்.

மின்சாரம் சூரியனிலிருந்து வராமல் பொது மின்தொடரிலிருந்து வந்தால் நிலைமை மோசம். இந்திய மின்தொடரில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, நிலக்கரிதான் காரணம். 55 யூனிட்டுக்கு 38 கிலோவுக்கு மேல். 115 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால், புகையே விடாத மிராய் கிலோமீட்டருக்கு 330 கிராம் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சாதாரணப் பெட்ரோல் கார் விடுவது 130 கிராம்தான். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கரியமில வாயு. உலகில் இன்று உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இப்படி எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதுதான். தண்ணீரிலிருந்து வந்தது என்பதாலேயே அது தூய்மையானதாகிவிடாது. பசுமை ஹைட்ரஜன் என்று சொல்ல, ஒரு கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெளியாகக் கூடாது என்று 2023-ல் மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. நல்ல வரம்பு. இன்றைய மின்தொடரிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்த ஆலையும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

தண்ணீர் தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் இந்த விவகாரத்தில் மிகச் சிறிய செலவு தண்ணீர்தான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தூய நீர். சுத்திகரிப்பில் போவதையும் குளிர்விக்க ஆவதையும் சேர்த்தால் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பிரிபடும் நீர் ஆயிரம் லிட்டருக்கும் குறைவு. மத்திய அரசின் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்காகிய 50 லட்சம் டன் ஹைட்ரஜனுக்குப் பிரிபடும் நீர் ஆண்டுக்கு 4,500 கோடி லிட்டர். மீஞ்சூர் கடல்நீர் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டப்பட்டது. அதன் ஓராண்டு உற்பத்தியே 3,650 கோடி லிட்டர் ஆகும். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஆகும் 55 யூனிட்டுக்கு முன்னால், அதற்கு வேண்டிய நீருக்கு ஆவது தூசு. எனவே கடலோரத்தில் ஆலை வைப்பவர் ஆற்றைத் தொடவே வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்து விவசாயிகள் போராடிய மண்ணில், இதை அனுமதியின் முதல் நிபந்தனையாகவே எழுதிவிட வேண்டும்.

தண்ணீரில் இல்லாத சிக்கல் தொட்டியில் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 12,000 லிட்டர் இடத்தை அடைக்கும். காரில் வைக்க வேண்டுமானால் நசுக்க வேண்டும். நம் ஆட்டோக்களில் உள்ள சிஎன்ஜி சிலிண்டரில் அழுத்தம் 200 பார். மிராயில் 700 பார். கார்பன் இழை சுற்றிய விலையுயர்ந்த தொட்டி அது. அதிலும் 5.6 கிலோவுக்கு 142 லிட்டர் இடம் வேண்டும். இன்னொரு வழி திரவமாக்குவது. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், அதற்கே கிலோவுக்கு 10 யூனிட்டுக்கு மேல். பிஎம்டபிள்யூ 2006-07-ல் திரவ ஹைட்ரஜனில் ஓடும் கார்களில் சுமார் நூறு செய்து பார்த்தது. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலே தொட்டியில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. நெல்லைச் சீமையில் மகேந்திரகிரியில் இஸ்ரோ திரவ ஹைட்ரஜனைக் கொண்டு கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறது. பயிற்சி பெற்ற பொறியாளர்கள், வேலி போட்ட வளாகம், ஒவ்வொரு வால்வுக்கும் கண்காணிப்பு. ராக்கெட்டுக்கு அது சரி. கடைத்தெருவில் நிறுத்தும் காருக்கு அத்தனை கட்டுக்காவல் சாத்தியமில்லை.

ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது. சிறிய இடுக்கிலும் கசியும். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும். தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. 2022-ல் நாசாவின் ஆர்ட்டெமிஸ் ராக்கெட் புறப்பாடு தள்ளிப்போனதற்கு ஹைட்ரஜன் கசிவும் ஒரு காரணம். 2019 ஜூன் 10 அன்று நார்வேயின் ஓஸ்லோ அருகே சாண்ட்விகாவில் ஹைட்ரஜன் பங்க் ஒன்று வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் மூடியொன்றை முறையாக இறுக்காததுதான் காரணம். அதன் பிறகு டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பனையைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தன. அதே சமயம், திறந்தவெளியில் கசிந்தால் ஹைட்ரஜன் சட்டென மேலே போய்விடும், பெட்ரோல் ஆவி போலத் தரையில் தேங்காது. ஆபத்தைக் கட்டுப்படுத்த முடியும். கட்டுப்படுத்துவதற்கு ஆகும் செலவு ஒவ்வொரு பங்கின் மேலும் ஏறும்.

அந்தச் செலவு என்ன செய்யும் என்பதைக் கலிஃபோர்னியா காட்டிவிட்டது. அரசு பணம் போட்டுப் பங்க் கட்டியது. டொயோட்டா காரோடு 15,000 டாலருக்கு இலவச ஹைட்ரஜன் அட்டையும் கொடுத்தது. சொந்த வீடும் நல்ல வருமானமும் உள்ள, சுற்றுச்சூழலில் அக்கறை கொண்ட வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள். இதைவிடச் சாதகமான சூழல் எங்கும் அமையாது. 2023-24-ல் பங்க் விலை கிலோவுக்கு 36 டாலரைத் தொட்டது. ஒருமுறை நிரப்ப 200 டாலர். இயந்திரம் பழுது, ஹைட்ரஜன் வரத்து இல்லை என்று பங்குகள் அடிக்கடி மூடிக் கிடந்தன. 2024-ல் ஷெல் நிறுவனம் அங்கிருந்த தன் கார் பங்குகளை மொத்தமாக மூடிவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டெல்லாண்டிஸ் குழுமம் ஹைட்ரஜன் வாகனத் திட்டத்தையே கைவிட்டது. 2024-ல் உலகெங்கும் விற்ற ஹைட்ரஜன் வாகனங்கள் ஏறத்தாழ 13,000. பிளக்-இன் ஹைபிரிட்டையும் சேர்த்து அதே ஆண்டு விற்ற மின்சாரக் கார்கள் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல். டொயோட்டாவும் ஹூண்டாயும் பிஎம்டபிள்யூவும் இன்னும் விடாமல் முயல்கின்றன. அவர்களுடைய பொறியியல் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1.9 வோல்ட்டுக்கும் 0.65 வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளியைத் திறமையால் மட்டும் தாண்டிவிட முடியாது.

ஹைட்ரஜன் தரப்பில் நியாயமான வாதங்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். நெடுந்தூர லாரியில் டன் கணக்கில் பேட்டரி ஏற்றினால் சரக்குக்கு இடம் குறையும். கடுங்குளிரில் பேட்டரியின் வீச்சு சுருங்கும். லடாக்கின் லே நகரில் என்டிபிசி ஹைட்ரஜன் பேருந்துகளை விட்டுப் பார்ப்பதற்கு அப்படியொரு பொருத்தம் இருக்கிறது. மத்திய அரசின் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் கீழ் டாடா மோட்டார்ஸ் 2025 மார்ச்சில் ஹைட்ரஜன் லாரிகளைச் சோதனைக்கு இறக்கியது. அசோக் லேலண்ட், ரிலையன்ஸோடு சேர்ந்து ஹைட்ரஜனை நேரடியாக எஞ்சினில் எரிக்கும் லாரியை 2023-ல் காட்டியது. எரிப்பதில் திறன் இன்னும் குறைவு, காற்றிலுள்ள நைட்ரஜனும் சூட்டில் ஆக்சைடாகும். என்றாலும் பழைய எஞ்சின் தொழிலைக் கைவிடாமல் பார்க்கும் முயற்சி அது. லாரி விஷயத்தில் முடிவு இன்னும் எட்டவில்லை என்றே நினைக்கிறேன். பெரம்பூர் ஐசிஎஃப் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை வெற்றிகரமாகச் சோதித்தது. 1,200 குதிரைத்திறன், ஹரியானாவின் ஜிந்த்–சோனிபத் தடத்துக்கானது. அதைச் செய்து காட்டிய பெரம்பூர்த் தொழிலாளர்களையும் பொறியாளர்களையும் பாராட்ட வேண்டும். கூடவே, அகலப் பாதையில் பெரும்பகுதி ஏற்கெனவே மின்மயமாகிவிட்ட நாட்டில், தலைக்கு மேலே மின்கம்பி போகும்போது மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்குவது எதற்கு என்றும் கேட்க வேண்டும்.

வீட்டுக் காருக்கு இந்த வாதங்கள் எதுவும் பொருந்தாது. தினம் 40, 50 கிலோமீட்டர் ஓடி, ராத்திரி முழுக்கச் சும்மா நிற்கும் வண்டி அது. சும்மா நிற்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. ஹைட்ரஜனுக்காக ஏற்கெனவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியா இன்று ஆண்டுக்கு 50, 60 லட்சம் டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. ஏறக்குறைய முழுவதும் இயற்கை எரிவாயு போன்றவற்றிலிருந்து வருகிறது. எரிவாயுவில் கணிசமான பங்கு கப்பலில் இறக்குமதியாகிறது. இதைப் பயன்படுத்துவது காரல்ல. மணலியில் இருப்பது போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், தூத்துக்குடி ஸ்பிக் போன்ற உர ஆலைகள். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. தஞ்சை நெல்வயலுக்குப் போகும் மூட்டைக்குள் இந்த ஹைட்ரஜன் இருக்கிறது. ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 180 கிலோ. அம்மோனியா செய்யப் பேட்டரியால் ஆகாது, ஹைட்ரஜன்தான் வேண்டும். கோக் நிலக்கரி இல்லாமல் இரும்புத்தாதுவிலிருந்து ஆக்சிஜனை இழுக்கவும் ஹைட்ரஜன் உதவும். ஸ்வீடனின் ஹைப்ரிட் (HYBRIT) எஃகுத் திட்டம் 2021-ல் அப்படிச் செய்த எஃகை வால்வோவுக்குக் கொடுத்துவிட்டது.

2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. அதற்காக 1,25,000 மெகாவாட் புதிய சூரிய, காற்று மின்சாரம். அந்த இலக்கை முழுதாக எட்டினால்கூட, இன்று நாம் பயன்படுத்தும் அழுக்கு ஹைட்ரஜனை மாற்றவே அது சரியாக இருக்கும். காருக்கு ஒரு கிலோகூட மிஞ்சாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எரிவாயு ஹைட்ரஜன் ஒரு கிலோவை மாற்றினால் மிச்சமாகும் கரியமில வாயு 10 கிலோதான். அதே கிலோ 115 கிலோமீட்டர் காரை ஓட்டி ஆறு லிட்டருக்கு மேல் பெட்ரோலை மிச்சப்படுத்தினால் 14 கிலோவுக்கு மேல் குறையுமே? கணக்கு சரி. ஆனால் அந்த ஒரு கிலோவைச் செய்து நிரப்ப ஆன 59 யூனிட் பசுமை மின்சாரத்தைப் பேட்டரி காரில் ஏற்றியிருந்தால் 350 கிலோமீட்டர் ஓடியிருக்கும். 40 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். காருக்கு மின்சாரத்தை நேராகக் கொடுப்பது, உரத்துக்கும் எஃகுக்கும் ஹைட்ரஜனைக் கொடுப்பது: இரண்டும் சேர்ந்தால்தான் நாட்டுக்கு லாபம்.

தமிழ்நாட்டுக்கு இது வெறும் தத்துவ விவாதம் அல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றிப் பசுமை ஹைட்ரஜனுக்கும் அம்மோனியாவுக்கும் திட்டங்கள் வருகின்றன. சென்னையை அடுத்த தையூரில் ஐஐடி வளாகத்தில் ஹூண்டாய் ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்கிறது. காற்றும் வெயிலும் துறைமுகமும் உர ஆலையும் ஒரே மாவட்டத்தில் அமைந்த இடம் தூத்துக்குடி போல இந்தியாவில் அதிகம் இல்லை. அங்கே அமையும் முதல் ஹைட்ரஜன் குழாய் உர ஆலையை நோக்கிப் போக வேண்டும் என்பது என் வாதம். தையூரில் வரும் ஆராய்ச்சிப் பணமும் மூளையும் காரை விட மின்னாற்பகுப்புக் கருவியின் சவ்விலும் வினையூக்கியிலும் செலவாகட்டும், 1.9 வோல்ட்டை 1.7 ஆக்கினால் நாட்டின் ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனிலும் ஐந்து யூனிட் மிச்சம்.

லே பேருந்து, டாடா லாரி, ஜிந்த் ரயில் எல்லாமே பொதுப்பணம் சேர்ந்த சோதனைகள். அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று எண்களை மாதாமாதம் வெளியிட வேண்டும்: ஹைட்ரஜன் செய்வதிலிருந்து சக்கரம் வரை ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆனது, நிரப்பியதில் எவ்வளவு கசிந்து வீணானது, அதே தடத்தில் பேட்டரி வண்டியோ மின்கம்பி ரயிலோ ஓடினால் என்ன ஆகும். இந்த எண்கள் அரசிடம் சேரத்தான் போகின்றன. அவற்றை, நாடாளுமன்றத்தில் கேள்வி வரும்வரை காத்திருக்காமல், பேருந்து நிலையத்து நேர அட்டவணை போல யாரும் பார்க்கும் இடத்தில் போட்டுவிடலாம்.